பல் கட்டுகிறவள் கட்டிய கார்

என் அக்கா பல் செட் செய்கிறவள். டாக்டர் இல்லை, டாக்டருக்குப் பின்னால் இருக்கிறவள். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அக்கா அதில் பிளாஸ்டர் ஊற்றி, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கீல் வைத்த ஒரு கருவியில் பூட்டி, மெழுகில் பல் அடுக்கி, கடித்துப் பார்த்து, சுரண்டி, மறுபடி கடித்துப் பார்த்து, கடைசியில் ஒரு முழு வாயைச் செய்து அனுப்புவாள். ஒரு அச்சகத்துக்கு மேலே மாடியில் அவளுடைய அறை. கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் அலமாரியில் அடுக்கியிருக்கும் தாடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று பேசும். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

இருபத்தெட்டு வயதில் புருஷன் வீட்டை விட்டு வந்தாள். "கண்டவங்க எச்சில்ல கை வைக்கிற வேலை நமக்கு வேண்டாம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். "அப்போ நீங்க சாப்பிட்ட தட்டை யார் கழுவுறது?" என்று இவள் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை ஒரு துணிப்பையோடும், பிளாஸ்டரில் குமிழி போகக் குலுக்குகிற சின்ன மேடையோடும் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமாடி?"

"ஊர் வாய்க்குப் பல்லு கட்டுறதே நான்தாம்மா. என்கிட்டயா சொல்ற?"

அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

நான் அவளுக்கு ஆறு வயது இளையவன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி. பன்னிரண்டு வயதில் ஒரு பழைய பத்திரிகையில் பார்த்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என் தலைக்குள் புகுந்துகொண்டு வெளியே போகவே இல்லை. இடுப்பு உயரம்தான் இருக்கும். என்ஜின் சீட்டுக்குப் பின்னால். மூக்கு, தரையை மோந்துகொண்டு ஓடுகிற நாய் மாதிரி. அசலை வாங்க ஏழு ஜென்மம் எடுத்தாலும் முடியாது. அதனால் செய்துவிடுவது என்று இறங்கினேன். சதுரக் குழாயில் சட்டம் கட்டினேன். விபத்தில் மூக்குடைந்த ஒரு குடும்பக் காரின் என்ஜினை வாங்கி, திருப்பிப் பின்னால் பொருத்தினேன். மேலே மூடும் பாடியை மட்டும் வேறொரு ஊர் வியாபாரியிடம் சொல்லி வரவழைத்தேன். கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து அச்சில் வார்த்த பாடி. "அப்படியே அசல் அச்சு" என்று அவர் போனில் சத்தியம் செய்தார்.

பாடி லாரியில் வந்து இறங்கிய அன்று தெருவே கூடியது. நான்கு பேர் தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

அக்கா வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சுற்றி வந்தாள். குனிந்து முன்பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"கடி சரியில்லடா" என்றாள்.

"என்னக்கா?"

"இடது கண்ணு வலது கண்ணைவிட கீழ இருக்கு. கதவு கீழ ஒரு விரல் இடைவெளி, மேல ரெண்டு விரல். கூரையைப் பாரு, கொண்டை போட்ட மாதிரி. உன் படத்துல இருக்கிறது இது இல்ல. இது அதோட ஒண்ணுவிட்ட தங்கச்சி."

கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ பையிலிருந்து பல் அளக்கிற இடுக்கிமானியை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பக்கம் நிறையத் தப்புகள் எழுதியிருந்தாள். சக்கர வளைவின் நடுப்புள்ளிகூட என் சக்கரத்துக்கு நேராக இல்லை.

மறுநாள் வியாபாரிக்கு அவளே போன் போட்டாள்.

"இது எதுலேர்ந்து அச்செடுத்தீங்க?"

"அசல்லேர்ந்துதாம்மா."

"அசலை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

"வீட்டுல ஆம்பளைங்க இருந்தா போனைக் குடும்மா" என்றார்.

"இருக்கான். பக்கத்துல நின்னு முழிச்சுக்கிட்டு இருக்கான். அச்சைப் பத்திக் கேக்கணும்னா என்கிட்டதான் கேக்கணும்."

போன் துண்டிக்கப்பட்டது. அக்கா எனக்கு விளக்கினாள். பிசின் காயும்போது கொஞ்சம் சுருங்கும். யாரோ ஒருவன் அசலிலிருந்து ஒரு அச்செடுத்திருப்பான். இன்னொருவன் அந்த நகலிலிருந்து எடுத்திருப்பான். இன்னொருவன் அதிலிருந்து. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் கோணி, கொள்ளுத்தாத்தாவின் முகத்தைக் கொள்ளுப்பேரனிடம் தேடுகிற கதையாக ஆகிவிட்டது.

"இப்போ என்ன செய்றது?" என்றேன்.

"நாமளே எடுப்போம். தாத்தாகிட்டேர்ந்தே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் அக்கா முயலைப் பிடிப்பதற்கு முன்பே காலை எண்ணி வைத்துவிடுகிறவள்.

ஆறு மாதம் கழித்து மூன்று நாள் கார் கண்காட்சி ஒன்று வந்தது. அதில் அதே கார், அசல், ஒரு நூல் மில் முதலாளிக்குச் சொந்தமானது, நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா மூன்று நாளுக்கும் டிக்கெட் வாங்கினாள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட இரண்டு அளவுக் கம்புகள், ஒரு தூக்குக்குண்டு நூல், முக்காலி, கேமரா. காரைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கம்புகளை நிறுத்தி, ஒரு படம் எடுப்பாள். ஓரடி நகர்வாள். இன்னொரு படம்.

"இப்படி எடுத்து என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒரு புள்ளியை ரெண்டு இடத்துலேர்ந்து பாத்தா அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணக்குப் போட்டுடலாம். பின்ன எதுக்கு ஆளுக்கு ரெண்டு கண்ணு?"

முதல் நாள் காவலாளி முறைத்தார். இரண்டாம் நாள் முதலாளியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வாசனை, எழுபது வயது இருக்கும்.

"என்னம்மா பண்றீங்க?"

"அளவு எடுக்கிறேங்க. இதே மாதிரி ஒண்ணு செய்யப் போறோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "போலியா?"

"நகல்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லைங்க. அசல்னு சொல்லி ஏமாத்தினா போலி. நகல்னு சொல்லிட்டே செஞ்சா நகல்."

"இந்த வண்டிக்கு ஒரு வம்சம் இருக்கு. ஏதோ ஒரு பட்டறையில பிசினைக் குழைச்சு ஊத்திட்டா இது ஆயிடுமா? வெளியில போங்க. போலி பண்றவங்களுக்கு இங்க இடமில்ல."

சுற்றி நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் முக்காலியை மடக்க ஆரம்பித்தேன். அக்கா கம்பைக் கீழே வைத்தாள். கயிற்றின் அருகே போய், எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஐயா, உங்க மேல்வரிசை ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு. கட்டினவங்க கை சுத்தமான கை. அதை வெச்சுக்கிட்டுத்தான் சிரிக்கிறீங்க, பேசுறீங்க, சாப்பிடுறீங்க. நீங்க சாப்பிடுற சாப்பாடும் போலியாங்க?"

அவர் கை தானாக வாய்க்குப் போனது. பாதி வழியில் அதை இறக்கிக்கொண்டார். திரும்பி நடந்தார். காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா அவரிடம், "கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கத்தான் டிக்கெட் வாங்கியிருக்கேன். டிக்கெட்டுல அளவு எடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா, படிச்சுச் சொல்லுங்க" என்றாள். அவர் உண்மையிலேயே டிக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். எழுதியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் போனால் காரின் மேல் முழுக்கத் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் "பராமரிப்பு" என்று ஒரு அட்டை. முன்பக்கமும் இரண்டு விலாவும் முடிந்திருந்தன. பின்பக்கம் பாக்கி.

"போதும்க்கா. பின்பக்கத்தைக் குத்துமதிப்பா செஞ்சுக்கலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கம்புகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். காட்சி முடிந்ததும் வண்டிகள் ஏறுகிற வாசலுக்கு எதிரே, நடைபாதையில் மத்தியானத்திலிருந்து நின்றாள். நாலு மணிக்கு அந்தக் காரைத் திறந்த லாரியில் ஏற்றினார்கள். லாரி டிரைவர் துணியை உருவி எடுத்தார். காற்றில் துணி அடித்தால் பெயின்ட்டில் கீறல் விழும் என்று முதலாளியிடமே அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் சத்தியமாக அந்த டிரைவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. பட்டைகளை இழுத்துக் கட்ட அவருக்கு இருபது நிமிடம் ஆனது. அக்கா முப்பத்தொரு படம் எடுத்தாள்.

முதலாளி தான் வந்த இன்னொரு காரின் கண்ணாடியை இறக்கினார். "உங்களுக்கு வெட்கமே இல்லையா?"

"அளக்கிறதுல என்னங்க வெட்கம்? அளக்காம செஞ்சாதான் வெட்கம்."

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் என் பட்டறை என்னுடையதாக இல்லை. ஒட்டுப்பலகையில் விலா எலும்பு மாதிரி வரிசையாக வெட்டி நிறுத்தினோம். இடையில் நுரைக் கட்டிகளை அடைத்து, மேலே பிளாஸ்டர் பூசினோம். காரின் முழு உருவம் அது. அதன் மேல்தான் அச்செடுக்க வேண்டும். காலையில் பல், மாலையில் கார் என்று அக்கா வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். டியூப்லைட்டைப் பக்கத்தில் பிடித்து, மேற்பரப்பில் அதன் பிம்பம் நெளிகிறதா என்று பார்ப்பாள். நெளிந்தால் சுரண்டல். வலது பின் தோளை, பின் சக்கரத்துக்கு மேலே புடைக்கிற இடத்தை, நான்கு தடவை சுரண்டி எடுத்தாள். நாலாவது தடவை நான் உப்புத்தாளை வீசி எறிந்தேன்.

"மூணு மில்லிமீட்டருக்கா இந்தப் பாடு?"

"வாயில முடி கிடந்தா தெரியுமா, தெரியாதா? அது எத்தனை மில்லிமீட்டர்?"

உப்புத்தாளை நானே போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

தெருவில் பேச்சு கிளம்பியது. பல்லு கட்டுறவ காரு கட்டுறாளாம், ஓட்டும்போது பல்லு பல்லா கழண்டு விழுமாம். அக்கா ஒரு தகரத்தில் தன் கையாலேயே எழுதிப் பட்டறை வாசலில் மாட்டினாள்: "இங்கே நகல் செய்யப்படுகிறது. சிரிக்க விரும்புகிறவர்கள் உள்ளே வந்து சிரிக்கலாம்." இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தச்சர். அவர் சிரிக்க வந்து, விலாப்பலகைகளில் இரண்டு தப்பாக வெட்டப்பட்டிருப்பதைக் காட்டிவிட்டுப் போனார். அக்கா அளந்து பார்த்து, ஆமாம் என்று ஒத்துக்கொண்டு, வெட்டி மாற்றினாள். இன்னொருவர் சும்மா சிரித்துவிட்டுப் போனார்.

முதலில் வந்த கோணல் பாடியை அம்மா மல்லாக்கத் திருப்பிப் போடச் சொன்னாள். நல்ல மழைக்கு இருபது குடம் பிடித்தது.

உருவத்தின் மேல் அச்செடுத்து, அந்த அச்சில் வார்த்து, பாடி ஒரு வழியாக முடிந்தது. சக்கரம்தான் உயிரை எடுத்தது. அசலின் சக்கரத்தில் ஐந்து பெரிய வட்ட ஓட்டைகள், பழைய டெலிபோன் டயல் மாதிரி. பின் சக்கரம் அகலமானது, குழிந்து உள்ளே போயிருக்கும். கடைகளில் கிடைத்தவை ஓட்டைக்கு ஓட்டை சரியாக இருந்தன, குழிவு மட்டும் இல்லை. மாட்டினால் சூம்பிய காலில் பெரிய செருப்பு போட்டதுபோல இருந்தது. சக்கரத்தில் ஓட்டைகள் இருக்கிற நடுத்தட்டை மட்டும் வார்ப்புப் பட்டறையில் அலுமினியத்தில் வார்த்து வாங்கினோம். பார்க்கக் கண்ணாடி. அக்கா அதைக் கல்லில் வைத்து இரும்புச் சுத்தியால் ஓங்கி அடித்தாள். இரண்டாக உடைந்தது. உள்ளே காற்றுக் குமிழிகள்.

"சொத்தை" என்றாள். "மேல பளபளன்னு இருந்தா போதுமா? இது மேல உட்காந்து நீ நூறு கிலோமீட்டர் வேகத்துல போவியா?"

வார்ப்புக்காரர் கோபித்துக்கொண்டார். அடுத்தது லேத் வைத்திருக்கிற கடைசல்காரர். ஒரு சாண் சதுரத் துண்டைக்கூட வீணாக்காத மனுஷர். கனமான அலுமினியப் பலகையிலிருந்து நடுத்தட்டைக் கடைந்து, சின்ன லாரி ஒன்றின் அகலமான சக்கரத்தின் நடுவை அறுத்து எடுத்துவிட்டு, இதை அதில் திருகாணிகளால் பூட்டலாம் என்றார். அழுத்துகிற இயந்திரத்தில் வைத்துச் சோதித்தார்கள். முதலாவது வளைந்தது. தட்டைக் கனமாக்கினார்கள். இரண்டாவது நின்றது. அன்று அக்கா கடைசல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்கு முன் அவள் யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

நான்கு சக்கரத்தில் கார் தரையில் நின்ற வாரம் அந்தப் பாடி வியாபாரி நேரிலேயே வந்துவிட்டார். யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள். காரைச் சுற்றி வந்தவர், ஆறு தடவை "அடடா" சொன்னார். அக்கா அச்சகத்து மாடியில் பல் வேலையில் இருந்தாள். அவர் என் தோளில் கை போட்டார்.

"தம்பி, இந்த அச்சை எனக்குக் குடுங்க. அசல் கம்பெனி முத்திரையை ஒட்டி, ஒரு சேஸிஸ் நம்பர் தகடும் அடிச்சுட்டா, வெளிநாட்டுல அசல்னே போயிடும். உங்க பட்டறை எங்கயோ போயிடும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. பதினான்கு மாதமாகக் கேட் வேலை ஒன்றும் ஒழுங்காகச் செய்யவில்லை. "அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றேன்.

சாப்பிடும்போது மெல்ல எடுத்துவிட்டேன். அக்கா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அம்மாதான், "அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா, நீ வாயை மூடு" என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தாள். பல்லில் எழுத்துப் பொறிக்கிற சின்னத் துளைக்கருவியைக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் பெரிய அச்சுக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, கதவின் உள்விளிம்பு வரும் இடத்தில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுத்துகளைத் திருப்பிப் பொறித்தாள். சாயங்காலம் எழுந்து வந்தபோது முடியெல்லாம் வெள்ளைத் தூள். நான் உள்ளே விளக்கைக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இது நகல். செய்தவள் பல் கட்டுகிறவள்." இனி அந்த அச்சிலிருந்து பிறக்கிற ஒவ்வொரு பாடியும் இந்த எழுத்தோடுதான் பிறக்கும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒரு வார்த்தை கேட்டியா? இது என் காருதானே?"

"காரு உன்னுது. அச்சு என்னுது."

"வாங்கினவன் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டா?"

"தேய்க்கட்டும். தேய்க்கும்போது நாம என்ன செய்றோம்னு அவன் கைக்குத் தெரியும். அது போதும்."

சொன்னபடி வியாபாரி வந்தார். அச்சைப் பார்த்தார். "என்ன மேடம் இது விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல, விலாசம்."

"இதோட இதை யாரும் வாங்க மாட்டாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா இந்தத் தொழில்ல ஒருத்தன் உங்க வாசலை மிதிக்க மாட்டான்."

"நல்லது. வாசல் சுத்தமா இருக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன தம்பி சொல்ற? முந்தாநாள் வேற மாதிரி பேசினியே."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு துணியை எடுத்து அச்சின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்திருந்தால் ஒருவேளை நான் முரண்டு பிடித்திருப்பேன். பார்க்காததால்தான் எனக்கு அந்த வலது பின் தோள் ஞாபகம் வந்தது. நான்கு தடவை.

"அக்கா சொன்னதுதாங்க" என்றேன்.

அவர் போகும்போது எங்கள் தகரப் பலகையை ஒரு உதை விட்டுப் போனார். கார் ரோட்டுக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆனது. வண்டிச் சோதனையில் முதல் தடவை பிரேக், இரண்டாம் தடவை விளக்கின் உயரம். மூன்றாம் தடவை தேறியது.

வியாபாரி சொன்னதில் பாதி பலித்தது. ஒரு வருடம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். பிறகு இரண்டு சகோதரிகள், கூரியர் தொழில் செய்கிறவர்கள். வருகிறவர்களிடம் அக்கா முதலில், அதற்குப் பின் வார்த்த ஒரு பாடியின் கதவு விளிம்பைத்தான் திறந்து காட்டுவாள். முகம் சுளித்தவர்களை, பல் செட் பிடிக்காத நோயாளியை டாக்டர் அனுப்புகிற மாதிரி மரியாதையாக அனுப்பிவிடுவாள். இதுவரை ஆறு பாடி போயிருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மைதானத்தில் கூடுவார்கள். முதல் வருடம் நாங்கள் போனபோது வாசலிலேயே செயலாளர் கையை நீட்டி மறித்தார்.

"நகலுக்கு அனுமதி இல்ல."

அக்கா காரை விட்டு இறங்கினாள். அவ்வளவு தாழ்ந்த காரிலிருந்து கௌரவமாக இறங்க அவள் ஒரு வாரம் பழகியிருந்தாள். "அப்படி விதி இருக்கா? காட்டுங்க."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். பின்னால் கார்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. விதி இல்லை. மூன்று பேர் கூடிப் பேசினார்கள். ஒரு தாளை எடுத்து, அங்கேயே, அப்போதே, மேஜையின் மூலையில் வைத்து விதியை எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அக்கா அதை நிதானமாகப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல எனக்கு ஒரு நகல் வேணும்."

செயலாளருக்கு உடனே புரியவில்லை. பின்னால் நின்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. யாரோ குபீரென்று சிரித்தார்கள். அவர் சிவந்த முகத்தோடு ஆபீசுக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அக்கா அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். காரைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த வருடமும் விண்ணப்பம் போட்டாள். மறுப்பு. வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். அதற்கு அடுத்த வருடம் வாத்தியாரும் கூட வந்தார், தன் காரோடு. மறுப்பு. "எதுக்குக்கா வீண் அலைச்சல்? அவங்க விடப் போறதில்ல" என்றேன். "விடாட்டி போறாங்க. வருஷா வருஷம் என் மூஞ்சியைப் பாத்து அவங்க வாயால வேண்டாம்னு சொல்லணும்ல? அந்தச் சிரமமாவது இருக்கட்டும்" என்றாள்.

போன மாதம் நடந்த கூட்டத்துக்கு மைதான வாசலில் நான்கு கார்கள் வரிசையில் நின்றன. வாத்தியார், கூரியர் சகோதரிகள், எங்களிடம் பாடி வாங்கிய ஒரு நர்ஸ், முன்னால் நாங்கள். செயலாளர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, எழுதிவைத்த தாளைத் தேடிப் பையைத் தடவியபடி நடந்து வந்தார். அவர் வந்து சேரட்டும் என்று அக்கா என்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள்.